யோசித்துச் சொல்கிறேன் என்ற ஆயா

ஜெரோம், பைக் சாவியைக் கீழே வை. வாயால் சொன்னால் நீ பாதியிலேயே எழுந்து போய்விடுகிறாய். போன புதன்கிழமையும் அப்படித்தான் செய்தாய், அதற்கு முன்னாலும் அப்படித்தான். நானும் உன் பின்னாலேயே வாசல்வரை கத்திக்கொண்டு வந்து, எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டு, பிறகு எங்கே வேண்டுமானாலும் போ.

நேற்று ஷாலினி போன் செய்தாள். "அத்தை, அம்பத்தூர் வீட்டுக்கு கிரைண்டர் வாங்கிடலாமா, இல்ல ரெண்டு பேருக்கு மிக்சியே போதுமா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கப்போவது ஒரே ஒரு மாதம் என்று சொல்லவா? கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே நீ கத்தாருக்கு விமானம் ஏறுகிறாய். இரண்டு வருட ஒப்பந்தம், கையெழுத்தும் போட்டாகிவிட்டது, மனைவியைக் கூட்டிப்போக முடியாது. இது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், உன் நண்பர்கள் எல்லாருக்கும் தெரியும். கழுத்தை நீட்டப்போகிறவளுக்கு மட்டும் தெரியாது. "மிக்சியே போதும்மா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வயிறுதான் எரிந்தது.

உன்னைக் கேட்டால், "இப்ப சொன்னா அவங்க வீட்ல நிறுத்திடுவாங்கம்மா. தாலி ஏறட்டும், அப்பறம் பக்குவமா சொல்லிக்கறேன்" என்கிறாய். அதோடு விட்டிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். "ஆயா எல்லாம் அம்பது வருஷம் தாத்தாவ ஒரு கேள்வி கேட்டிருக்குமா? அவரு லாரில மாசக்கணக்கா போனாரு, வந்தாரு. அது பாட்டுக்கு குடும்பம் நடத்தல?" என்று சேர்த்துக்கொண்டாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. உன் ஆயா, உன் அப்பாவைப் பெற்றவர், உன்னைத் தூக்கி வளர்த்தவர். ஆவடி பெட்டிக்கடையில் கமர்கட் வாங்கித் தந்தவர், நீ அடம்பிடித்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு மடியிலும் வைத்துக்கொண்டவர். அவரைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்த சவரியம்மா வேறு, நான் மருமகளாக இருந்து பார்த்த சவரியம்மா வேறு.

அவர்களுடைய கல்யாணப் பொன்விழா நடந்தபோது நீ கோயம்புத்தூரில் விடுதியில் இருந்தாய். பரீட்சை என்று வரவில்லை. வீடியோவைத்தான் பார்த்தாய். பீடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்பார்கள், பங்குத்தந்தை மைக்கை நீட்டுவார், உடனே திரையெல்லாம் ரோஜாப்பூவாகக் கொட்டி, பாட்டு வந்து, எல்லாரும் பந்தியில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஏன் அவ்வளவு பூ என்று நீ கேட்கவே இல்லை. அந்தப் பூ நான் சொல்லிப் போட வைத்தது. அதற்குக் கீழே நடந்ததை இப்போது சொல்கிறேன்.

பூசையில் கோயில் நிரம்பியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் உன் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள், குமணன்சாவடி லாரி ஸ்டாண்டிலிருந்து தாத்தாவின் பழைய கூட்டாளிகள், பூந்தமல்லி சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். தாத்தா புது வேட்டி சட்டையில், சாயம் அடித்த மீசையோடு மாப்பிள்ளை மாதிரியே நின்றார். பங்குத்தந்தை முதலில் அவரைக் கேட்டார். ஐம்பது வருடம் முன்னால் கொடுத்த வாக்கை இன்று மறுபடியும் புதுப்பிக்கச் சம்மதமா என்று. தாத்தா கோயிலே அதிரும்படி "சம்மதம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மைக் ஆயா பக்கம் வந்தது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்படுகிறார் என்று முதலில் நினைத்தோம். பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் கேட்டார். ஆயா தலையை நிமிர்த்தி, மைக்கைத் தானே கையில் வாங்கிக்கொண்டு, "யோசிச்சி சொல்றேன் சாமி" என்றார்.

கோயிலின் பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, அடங்கிவிட்டார். தாத்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பாவம் பங்குத்தந்தை, இளம் வயதுக்காரர். ஒருமாதிரி சமாளித்து, "நல்லது, ஜெபிப்போம்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள், ஆனால் கோழிக்கால் கடிக்கிற வாயெல்லாம் அதையேதான் பேசியது. தாத்தா இலையில் கை வைக்கவில்லை. உன் அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எங்கம்மாவுக்கு இன்னா புத்தி பேதலிச்சி போச்சா? போய் கேளு" என்று பல்லைக் கடித்தார். கேட்கிற வேலை எப்போதும் மருமகளுடையதுதானே.

நான் போய்க் கேட்டேன். ஆயா தன் பாட்டுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன். "இன்னாம்மே பண்ணேன்? கேட்டாரு, பதில் சொன்னேன். மொத தபா கல்யாணத்துல நான் வாயே தொறக்கல தெரியுமா? எங்கண்ணன் பின்னாலேருந்து முதுகுல கைய வெச்சான், தல தன்னால ஆடிச்சி. அதயே சாமியாரு சம்மதம்னு எடுத்துக்கினாரு. இப்ப யாரும் முதுகுல கை வெக்கல இல்ல? கேட்டா யோசிக்க வோணாமா?" என்றார். சொல்லிவிட்டு, இன்னொரு ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்து வந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உனக்கு எப்படி விளக்குவது? ஆயா எப்போதும்போல் தாத்தாவுக்குக் கஞ்சி வைத்தார், சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தார், அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தார். கோபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பதிலும் இல்லை. தாத்தாவோ கூண்டில் அடைத்த மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கத்திப் பார்த்தார். சங்கிலி வாங்கித் தருகிறேன் என்றார். தெருவில் யாராவது "இன்னா மரியதாஸண்ணே, பதில் வந்துச்சா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று டீக்கடைக்குப் போவதையே நிறுத்தினார். கடைசியில் ஒருநாள் காலையில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஒனக்கு இன்னாதான்டி வோணும்? தொறந்து சொல்லு" என்றார். ஆயா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரோஸி செத்தப்போ ஒரு ஆறு உன்ன மறிச்சிகினு இருந்திச்சின்னு சொன்னியே, அந்த ஆத்த நான் பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்" என்றார். தாத்தாவின் முகம் வெளுத்துப்போனதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

ரோஸி யார் என்று உனக்குத் தெரியும். கல்லறைத் திருநாள் அன்று நாம் மெழுகுவத்தி ஏற்றுவோமே, அந்தச் சின்னக் கல்லறைக்காரி. உன் அப்பாவின் தங்கை. மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, எழுந்திருக்காமலேயே போய்விட்டாள். அப்போது தாத்தா வடக்கே லோடு எடுத்துப் போயிருந்தார். நாக்பூர் ஆபீசுக்குத் தந்தி அடித்தார்கள். அவர் வரவில்லை. ஆயாவின் அண்ணன்மார்தான் குழந்தையை எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தவர், ஆதிலாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆற்றில் வெள்ளம், பாலம் முழுகிவிட்டது, அத்தனை நாளும் வண்டியோடு கரையிலேயே கிடந்தேன் என்று சொன்னார். ஆயா அதை நம்பினாரா, நம்பவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நீ சொல்கிறாயே, ஒரு கேள்வி கேட்காத ஆயா என்று, அந்தக் கேள்வி அவ்வளவு வருடமும் அவருக்குள் கிடந்தது.

வயதான இரண்டு பேரைத் தனியாக அனுப்ப முடியாது என்று உன் அப்பா என்னையும் கூட அனுப்பினார். ரயிலில் நாக்பூர், அங்கிருந்து பஸ். மெட்ராஸைத் தாண்டி ஆயா போன முதல் பயணம் அதுதான். வேளாங்கண்ணிக்குக்கூட அதுவரை போனதில்லை. நாடு முழுக்கச் சக்கரத்தில் சுற்றியவனுக்கு வாழ்க்கைப்பட்டு, காட்டுப்பாக்கத்தில் அரிசி களைந்து, பிள்ளை பெற்று, காத்திருந்தே காலம் கழித்த மனுஷி. ஜன்னலோரம் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தார். தாத்தாவுக்கு வழியெல்லாம் தெரியும். சாதாரணமாக அவர் வாய் ஓயாது. அந்தப் பயணத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே போய் என்ன ஆகப்போகிறதோ, திரும்பி வரும்போது இவர்கள் இரண்டு பேராக வருவார்களா என்று பயந்துகொண்டே போனேன்.

ஆற்றங்கரையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். உச்சி வெயில். இப்போது பெரிய பாலம், லாரிகள் மேலே பறக்கின்றன. பக்கத்தில் பழைய பாலம் தாழ்வாக, இடிந்த கைப்பிடியோடு கிடந்தது. தண்ணீர் நடுவில் கொஞ்சம் ஓடியது. ஆயா பழைய பாலத்தின் ஓரமாகப் போய் நின்று, அந்தக் கரையையும் இந்தக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏன்யா, நம்ம கூவமே பொங்கினா ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சிடுது. இந்தத் தண்ணி பன்னண்டு நாளு நின்னுச்சா?" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. கடையில் விலை விசாரிக்கிற குரல்.

ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. தாத்தா ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று சொன்னால் போதும், யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. அவர் அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "மூணாம் நாளே வடிஞ்சிடுச்சி சவரி" என்றார். "நாக்பூர் போனேன். ஆபீஸ்ல ரெண்டு தந்தி இருந்திச்சி. கொழந்தைக்கு சீரியஸ்னு ஒண்ணு. அட்த்தது... அது முட்ஞ்சி போச்சின்னு. அங்க ஒருத்தன படிச்சி காட்ட சொன்னேன். ரயில் இருந்திச்சி. கைல துட்டும் இருந்திச்சி. கால் வர்ல. ஊட்டுக்கு வந்தா ஒன் மூஞ்ச பாக்கணுமே. கல்கத்தாவுக்கு ஒரு லோடு கெடந்திச்சி, ஏத்திக்கினு போய்ட்டேன். வந்திருந்தாலும் மண்ணத்தான் பாத்திருப்பேன்." எழுபது தாண்டிய மனிதர், சாயம் அடித்த மீசை, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

ஆயா அவரை நெருங்கிப் போகவில்லை. "மண்ண பாக்க நீ வர வோணாம்யா. என்னப் பாக்க வந்திருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு தனியாக நடந்து எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் பையைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் வெயிலில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மத்தியானம் இன்னொன்று இல்லை.

திரும்பி வருகிற ரயிலில் ஆயா பேசவில்லை. மாத்திரையை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. உன் அப்பா என்ன ஆயிற்று என்று என்னைக் குடைந்தார், நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஆயா தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பங்குத்தந்தையின் அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அவர் பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். "சாமி, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே. சம்மதம்" என்றார் ஆயா. பங்குத்தந்தைக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "இப்ப மைக் இல்லையேம்மா" என்றார். "மைக்கு எதுக்கு? கேக்க வேண்டியவரு பக்கத்துல தான கீறாரு" என்றார் ஆயா. தாத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஆறவில்லை. அவ்வளவு பெரிய துரோகத்தைக் கேட்டுவிட்டு எப்படிச் சம்மதம் சொன்னார் என்று. அன்று மத்தியானம் மீன் கழுவும்போது கேட்டே விட்டேன். "அவரு நல்லவருன்னா சம்மதம் சொன்னேன்? யாருக்கு சொல்றோம்னு இப்பதாம்மே தெரிஞ்சிச்சி. ஆறு, வெள்ளம்னு சொல்லிகினு இருந்த ஆளுக்கு நான் எப்டி சொல்றது? அந்த ஆளு யாரோ. பயந்தாங்கொள்ளின்னாலும் இது என் ஆளு" என்றார். "அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா நாலு அற உட்டுட்டு, கட்டிகினு அழுதிருப்பேன். ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம். தனித்தனியா அழுது தொலச்சோம்" என்றார். மீனைக் கழுவுகிற கை நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர்கள் ஊர் சுற்ற ஆரம்பித்தார்கள். அது உனக்குத் தெரியும், போட்டோ எல்லாம் நீதான் போனில் வைத்திருக்கிறாய். சூரத், கல்கத்தா, குவாலியர். தாத்தா லோடு இறக்கிய கிடங்கு, தூங்கிய தாபா, டயர் வெடித்த மேடு, இதையெல்லாம் ஆயா பார்க்க வேண்டும் என்பார். ஆக்ரா வரைக்கும் போய் தாஜ்மகாலைப் பார்க்காமல் லாரி ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்த ஜோடி உலகத்தில் இவர்கள்தான். "அந்த ஊரு டீ கழனித்தண்ணி, அத்த குடிச்சிகினா இந்த ஆளு உயிரோட இருந்தாரு?" என்று வந்து சொல்லிச் சிரிப்பார். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். தாத்தா காலமான பிறகும் ஆயா நிற்கவில்லை. கோயில் பெண்களோடு வேளாங்கண்ணி போனார், கோவா போனார். போன தவக்காலத்தில் கண்ணை மூடும் வரைக்கும் அடுத்து எந்த ஊர் என்றுதான் பேச்சு. நீ சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. அவ்வளவு பாசம் வைத்தவரை, ஒன்றும் கேட்காத பொம்மையாக்கி ஷாலினிக்கு உதாரணம் காட்ட உனக்கு எப்படி மனசு வந்தது?

கத்தாருக்குப் போவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஷாலினி கெட்டிக்காரி, சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நான் நினைக்கிறேன். புரிந்துகொள்ளாமலும் போகலாம். "வேண்டாம்" என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நீ நடுங்குகிறாய். உன் தாத்தா நாக்பூரில் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கினாரே, அதே நடுக்கம். அவர் கல்கத்தாவுக்கு வண்டியைத் திருப்பினார், நீ தாலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் அதைவிடப் பயம்தான் அதிகம். கல்யாணம் முடிந்து நீ விமானம் ஏறிய பிறகு, அந்த அம்பத்தூர் வீட்டில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து, இவன் இன்னும் எதையெல்லாம் சொல்லவில்லையோ என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அதை வெளியே கேட்க அவளுக்கு எத்தனை வருடம் ஆகுமோ.

கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது, கடைசி ஓலை. உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பங்குத்தந்தை வாசிப்பார். கத்தார் வேலை ஒரு தடையா என்று நீ என்னோடு வாதாடுவாய். கோயில் சட்டப்படி இல்லைதான். நான் எழுந்து நின்று உன் மானத்தை வாங்கமாட்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் என்னால் முடியாது. பூசைக்குப் போகாமல் திருமழிசைக்குப் பஸ் ஏறிவிடுவேன், ஷாலினி வீட்டுக்கு. உனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. நானாகப் போய்ச் சொன்னால் அவள் கல்யாணத்தை நிறுத்துவது நிச்சயம், நீயே போய்ச் சொன்னால் அது அவ்வளவு நிச்சயம் இல்லை.

போனில் சொல்லாதே, நேரில் போ. அவளுடைய அப்பா அம்மாவிடம் முதலில் சொல்லி அவர்களை விட்டுச் சொல்லவைக்காதே, அவளிடம் சொல். அவள் கத்தினால் கேட்டுக்கொண்டு நில். அழுதால் எழுந்து வந்துவிடாதே. யோசிக்க நாள் வேண்டும் என்று கேட்டால் கொடு. ஒரு வாரமோ, ஒரு மாதமோ, எத்தனை நாள் கேட்கிறாளோ அத்தனை. மண்டபக்காரரிடமும் சமையல்காரரிடமும் சொந்தக்காரர்களிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.